நேர்கோட்டில் தொடங்குங்கள்: வீட்டில் தையல் பழக முழுமையான வழிகாட்டி

புடவைக்கு ஃபால்ஸ், புது பேண்ட்டுக்குக் கால் மடிப்பு, ஜன்னலுக்குத் திரை, அறுந்துபோன பையின் காது. தெருமுனைத் தையல் கடைக்கு நாம் எடுத்துக்கொண்டு ஓடும் வேலைகளில் பெரும்பாலானவை நேர்கோட்டுத் தையல்தான். நேராக ஒரு கோடு தைக்கவும், விளிம்பைச் சீராக மடிக்கவும் வந்துவிட்டால் வீட்டுக்குத் தேவையானதில் பாதியை நாமே தைத்துக்கொள்ளலாம். விசேஷங்களுக்குக் கொடுக்கும் பரிசுகளும் அதில் அடக்கம்.

ஊசியில் நூல் கோத்துக்கூடப் பழகாதவர்களுக்காக எழுதியது இது. ஆணா பெண்ணா, இருபது வயதா அறுபதா என்பதெல்லாம் பொருட்டில்லை. நான்கு பொருள்கள் தைக்கப்போகிறோம்: துணிப்பை, தலையணை உறை, குழந்தைக்குப் பாவாடை, சுருக்குப் பை. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு புதிய வித்தைகள் மட்டுமே சேரும். வரிசையை மாற்றாமல் செய்தால் துணியும் வீணாகாது, பொறுமையும் தீராது.

## மிஷின்: கடைக்குப் போவதற்கு முன்

முதலில் உறவினர் வீடுகளில் விசாரியுங்கள். கல்யாணச் சீராக வந்தது, அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கிடைத்தது, எப்போதோ தையல் வகுப்புக்குப் போன அத்தை ஆசையாக வாங்கியது என்று ஒரு மிஷின் ஏதாவது மூலையில், மேலே துணி போர்த்தி, அதற்கும் மேலே பழைய பத்திரிகைகள் அடுக்கிக் கிடக்கும். கறுப்பு நிற இரும்பு மிஷின் என்றால் பயப்படாமல் கேட்டு வாங்குங்கள். துரு பிடித்து இறுகிப் போகாதவரை, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். உதிரி பாகங்கள் சின்ன ஊரில்கூடக் கிடைக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

புதிதாக வாங்குவதென்றால் உங்கள் முன் இரண்டு வழிகள். முதலாவது, ஸ்டாண்டும் மிதியும் உள்ள கறுப்பு மிஷின். இது நேர்த்தையல் மட்டும் போடும். ஆனால் தடித்த துணியையும் தயங்காமல் தைக்கும், மின்சாரம் போனாலும் நிற்காது, வேண்டுமானால் பிறகு மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். இரண்டாவது, மேசைமேல் வைத்து ஓட்டும் மின்சார ஜிக்ஜாக் மிஷின். நேர்த்தையலோடு ஜிக்ஜாக், காஜா, சில அலங்காரத் தையல்கள் இதில் வரும். இடம் குறைவாக உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது. 50 வகைத் தையல், 100 வகைத் தையல் என்று விளம்பரத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா இந்த மூன்றும் ஒழுங்காக விழுந்தால் வீட்டுக்குப் போதும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே உட்கார்ந்து, நீங்களே நூல் கோத்து, உங்கள் கையிலுள்ள துணியில் ஒரு கோடு தைத்துப் பாருங்கள். சர்வீஸுக்கு ஆள் வீட்டுக்கு வருவாரா, மிஷினைக் கடைக்குத் தூக்கி வர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

## தையல் பெட்டியில் இருக்க வேண்டியவை

கத்தரி: துணிக்கென்று ஒன்று, காகிதத்துக்கு வேறொன்று. காகிதம் வெட்டிய கத்தரி சீக்கிரம் மழுங்கும். பிறகு துணியை வெட்டாது, மெல்லும். துணிக் கத்தரியில் ஒரு நாடாவைக் கட்டி, "தொடாதே" என்று வீட்டில் அறிவித்துவிடுங்கள்.

இன்ச் டேப்: 60 இன்ச் நீளம், ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். நம் ஊர்த் தையல் முழுக்க இன்ச் கணக்கில்தான் நடக்கிறது. துணி மட்டும் மீட்டரில் விற்கும். ஒரு மீட்டர் என்பது 39 இன்சுக்குச் சற்று மேல்.

மிஷின் ஊசிகள்: மெல்லிய துணிக்கு 11, பாப்ளின் போன்ற சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16. எண் ஏற ஏற ஊசி தடிக்கும். 14-ல் ஒரு பாக்கெட் வாங்கினால் இந்த நான்கு வேலைகளும் முடிந்துவிடும்.

நூல்: வெள்ளை, கறுப்பு, சந்தனம், மெரூன் முதலில் போதும். துணியின் நிறம் அப்படியே கிடைக்காவிட்டால் ஒரு சாயல் அடர்ந்த நூலாக எடுங்கள். வெளிறிய நூல் துணியில் துருத்திக்கொண்டு தெரியும், அடர்ந்தது உள்ளே மறையும்.

இவற்றோடு மார்க்கிங் சாக், குண்டூசி, கை ஊசி, ஊக்கு, தையல் பிரிக்கும் கருவி, நீள ஸ்கேல். பிளேடால் தையல் பிரிக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு கணம் அசந்தால் துணியோ விரலோ கிழியும்.

கடைசியாக, தையல் பெட்டிக்குள் அடங்காத ஒரு கருவி: இஸ்திரிப் பெட்டி. வீட்டில் தைத்தது கடையில் தைத்ததுபோல் இல்லையே என்று வருத்தப்படுபவர்கள் அநேகமாக இதை மறந்தவர்கள்தான். ஒவ்வொரு மடிப்பையும் தைப்பதற்கு முன்னும் ஒருமுறை, தைத்த பின்னும் ஒருமுறை தேய்க்க வேண்டும். மிஷினில் உட்காரும் நேரத்தைவிட அளக்க, வெட்ட, தேய்க்க ஆகும் நேரம் அதிகம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் அவசரம் போய்விடும்.

## பழகுவதற்கு எந்தத் துணி?

காடா துணி, பாப்ளின், கேம்ப்ரிக், கைத்தறிப் பருத்தி ஆகியவை வழுக்காது, இழுபடாது, தேய்த்த மடிப்பு அப்படியே நிற்கும். பட்டு, ஷிஃபான், ஜார்ஜெட், சாட்டின் எல்லாம் கைக்கு நழுவும். திருப்பூர் பனியன் துணியோ இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். அதற்கு உருண்டை முனை ஊசி வேண்டும். இவற்றையெல்லாம் ஓர் ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கோ-ஆப்டெக்ஸ் கடைகள், ஈரோட்டு ஜவுளிச் சந்தை, சென்னை பாரிமுனையின் கோடவுன் தெரு, மதுரை விளக்குத்தூண் வட்டாரம் என்று துணிக்குப் பெயர்போன இடங்கள் பல. ஆனால் முதல் துணியை அலமாரியில் தேடுங்கள். பழைய வேட்டி, போர்வை, மேலே சாயம் போய் நடுவில் கெட்டியாக இருக்கும் பருத்திப் புடவை இவையெல்லாம் பலமுறை துவைத்துச் சுருங்கித் தீர்ந்தவை. கோணலாக வெட்டினாலும் மனசு அடித்துக்கொள்ளாது.

புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, பிழியாமல் உலர்த்தி, லேசான ஈரத்தில் தேய்த்துவிடுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அளவு பிசகிவிடும். சுங்குடி போன்ற அடர் நிறத் துணிகளில், ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேறு நிறத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டாம்.

துணியின் வாக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீளவாட்டில் ஓடுவது பாவு நூல், அது இழுபடாது. குறுக்கே ஓடுவது ஊடை, அது சற்றுக் கொடுக்கும். மூலையிலிருந்து மூலைக்கு, கிராஸாக இழுத்தால் நன்றாக நீளும். உடையின் நீளம் பாவு நூல் வழியே இருந்தால் துணி நேராகத் தொங்கும். ஜரிகைக் கரை கீழே வர வேண்டிய பாவாடை போன்றவை மட்டும் விதிவிலக்கு. காடாவிலும் பாப்ளினிலும் நேராக வெட்ட ஓர் எளிய வழி உண்டு. கரையில் கத்தரியால் சிறிதாக ஒரு வெட்டுக் கொடுத்து இரு கையாலும் பிடித்துக் கிழியுங்கள். நூல் வழியே நேராகப் போய் நிற்கும். துணிக்கடைக்காரர் செய்வதும் இதைத்தான்.

## நூல் கோத்து, காகிதத்தில் பழகுதல்

கைத்தையலுக்கு ஒரு நூல் போதும், மிஷினுக்கு ஏன் இரண்டு? கை ஊசியில் கண் பின்னால் இருக்கிறது. ஊசி முழுதாகத் துணியைக் கடந்து மறுபக்கம் போய் வருகிறது. மிஷின் ஊசியிலோ கண் முனையில் இருக்கிறது. அது துணிக்குள் இறங்கி, அடியில் ஒரு வளையம் விட்டு, வந்த வழியே மேலேறிவிடும். அந்த வளையத்துக்குள், அடியிலுள்ள பாபின் என்ற சிறு உருளையின் நூல் புகுந்து பின்னிக்கொள்கிறது. அமெரிக்கரான எலியாஸ் ஹோவே 1846-ல் காப்புரிமை பெற்ற இந்த முறையில்தான் இன்றைய வீட்டு மிஷின்களும் ஓடுகின்றன. மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் சமபலத்தோடு பின்னிக்கொண்டால் தையல் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்று தளர்ந்தால் மற்றது அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பின்னால் வரும் கோளாறுகளில் பாதியை இந்த ஒரு விஷயத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஊசியை மாட்டும்போது அதன் தண்டைப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். நீளமான பள்ளம் ஓடும் பக்கத்திலிருந்துதான் நூல் கண்ணுக்குள் நுழைய வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிரே. ஜிக்ஜாக் மிஷின்களில் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கும். நூல் கோக்கும்போது துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வையுங்கள். அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி, நூல் அவற்றுக்கிடையே சரியாக உட்காரும்.

இனிப் பயிற்சி. முதலில் நூல் இல்லாமல், துணி இல்லாமல், மிதியை மட்டும் ஓட்டுங்கள். சக்கரம் உங்களை நோக்கிச் சுழல வேண்டும். பின்னோக்கித் திரும்பினால் நூல் சிக்கும். கால் சீரான பிறகு, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து, நூலில்லாத பழைய ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். ஊசித் துளைகள் கோட்டில் விழுகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடுத்து சதுரம்: மூலை வந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடருங்கள். கடைசியில் வளைவு. கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. ஊசிக்கு முன்னே வரும் கோட்டைப் பார்க்க வேண்டும். தாளைத் தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். அடியிலுள்ள பற்களே நகர்த்திக்கொள்ளும், கையின் வேலை திசை காட்டுவது மட்டுமே.

தையல் நீளத்தை 2.5 மி.மீ. வையுங்கள். இன்சுக்கு ஏறக்குறைய 10 தையல் விழும். ஊசியிலிருந்து சரியாக அரை இன்ச் வலப்புறம், மிஷின் தட்டின்மேல் ஒரு வண்ண டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். துணியின் விளிம்பு அந்த டேப்பை உரசிக்கொண்டே போனால் அரை இன்ச் தையல் தானாக வரும்.

## தெரிந்திருக்க வேண்டிய அடிப்படைத் தையல்கள்

சாதாரண இணைப்பு: துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, விளிம்பிலிருந்து அரை இன்ச் உள்ளே தையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் பின்னால் போய் வந்தால் பிரியாது. பின் தையல் இல்லாத மிஷினில் நூல் முனைகளை முடிச்சுப் போட வேண்டும். ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் தேவை. வீட்டில் அந்த மிஷின் இல்லாவிட்டால் பக்கத்துத் தையல் கடையில் அடித்துத் தருவார்கள்.

பிரெஞ்சு தையல்: ஓவர்லாக் தேவைப்படாத வழி. முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய, விளிம்பிலிருந்து கால் இன்ச் உள்ளே தையுங்கள். பிசிறை நறுக்கி, துணியை உட்புறம் திருப்பி, தேய்த்து, மீண்டும் கால் இன்சுக்குச் சற்று மேல் விட்டுத் தையுங்கள். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும்.

மடிப்புத் தையல்: விளிம்பை முதலில் அரை இன்ச் மடித்துத் தேய்த்து, பிறகு தேவையான அகலத்துக்கு மீண்டும் மடித்துத் தேய்த்து, உள் ஓரத்தை ஒட்டித் தையுங்கள்.

கைத்தையலில் மூன்று தெரிந்தால் போதும். துணியைத் தற்காலிகமாகப் பிடிக்க ஓட்டுத் தையல், உறுதிக்குக் கெட்டித் தையல், வெளியே தெரியாமல் மடிப்பைப் பிடிக்க ஹெம்மிங். நூலை ஒரு கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீளம் கூடினால் முறுக்கிச் சிக்கும்.

## முதல் வேலை: துணிப்பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. எனவே முதலில் தைக்கும் பொருள் மறுநாளே காய்கறிக் கடைக்குப் போகும் என்ற உற்சாகம் இதில் உண்டு.

தேவை: 36 இன்ச் அகலக் காடா துணி ஒரு மீட்டர். இதிலிருந்து உடலுக்கு 17 x 36 இன்சில் ஒரு துண்டு, காதுகளுக்கு 4 x 22 இன்சில் இரண்டு துண்டுகள். மிச்சத்தில் சின்னதாக ஒரு பை வைத்துக்கொள்ளலாம்.

1. காதுத் துண்டை நீளவாட்டில் இரண்டாக மடித்துத் தேய்த்து விரியுங்கள். இரு விளிம்புகளையும் நடுக்கோடு வரை மடித்து, மீண்டும் ஒன்றாக மடியுங்கள். ஒரு இன்ச் அகலப் பட்டி வரும். இரு ஓரமும் தையுங்கள்.
2. உடல் துண்டை நல்ல பக்கம் வெளியே தெரிய, 36 இன்ச் 18 ஆகும்படி மடியுங்கள். மடிப்புதான் பையின் அடி. இரு பக்கமும் பிரெஞ்சு தையல் போடுங்கள்.
3. வாயை அரை இன்ச், பிறகு ஒரு இன்ச் என இருமுறை மடித்துச் சுற்றிலும் தையுங்கள்.
4. பக்கத் தையலிலிருந்து 4 இன்ச் தள்ளி, காதுகளின் முனையை உள்ளே மடித்து வைத்து, ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் தையுங்கள். ஐந்து கிலோ அரிசி தூக்கினாலும் பிய்ந்து வராத இணைப்பு இது.
5. பை நிற்க வேண்டுமானால் உட்புறம் திருப்பி, பக்கத் தையலும் அடி மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று வர மூலையை முக்கோணமாகப் பிடித்து, முனையிலிருந்து ஒன்றரை இன்ச் உள்ளே குறுக்கே தையுங்கள். மூன்று இன்ச் அகல அடி கிடைக்கும்.

இதே பையை மூன்று நான்கு முறை தைப்பது நல்லது. நாலாவது பை முதல் பையைப் பார்த்துச் சிரிக்கும்.

## இரண்டாவது வேலை: தலையணை உறை

இங்கே சேரும் புது வித்தை, மடிக்கும் வரிசை. பொத்தானோ ஜிப்போ இல்லாமல், தலையணை நழுவாமல் பிடித்துக்கொள்ளும் உள்மடல் உறை இது.

17 x 27 இன்ச் தலையணைக்கு 19 x 64 இன்சில் ஒரே துண்டு போதும். 44 இன்ச் அகலத் துணியில் ஒன்றே முக்கால் மீட்டர் வாங்கினால் ஒரு ஜோடி உறை கிடைக்கும்.

1. இரு குறுகிய முனைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்ச் செலவாகும்படி இருமுறை மடித்துத் தையுங்கள். நீளம் 62 இன்ச் ஆகும்.
2. நல்ல பக்கம் மேலே தெரியத் துணியை விரியுங்கள். ஒரு முனையிலிருந்து 28 இன்ச் எடுத்து மேலே மடியுங்கள். அடுத்த 28 இன்ச் அதற்கு அடியில் இருக்கும். இன்னும் 6 இன்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.
3. அந்த 6 இன்சை, மடித்து வைத்த துணியின் மேலே மடியுங்கள். இதுதான் உள்மடல்.
4. இரு நீளப் பக்கங்களையும் எல்லா அடுக்கும் சேர அரை இன்சில் தையுங்கள். ஓரத்துக்கு ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக்.
5. உறையைத் திருப்பி, மூலைகளைக் கத்தரி முனையால் குத்தாமல், மழுங்கிய பென்சிலால் மெல்லத் தள்ளி எடுங்கள்.

வரிசை மாறி, மடலை முதலில் மடித்துவிட்டால் அது வெளியே வந்து நிற்கும். எனவே தைக்கும் முன் குண்டூசி குத்தி ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

## மூன்றாவது வேலை: குழந்தைக்குப் பாவாடை

இப்போது முதல்முறையாக உடல் அளவு வருகிறது. கூடவே சுருக்கும் எலாஸ்டிக்கும். இடுப்பு 20 இன்ச், பாவாடை நீளம் 20 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் இடுப்பைச் சாப்பிட்ட பிறகு அளங்கள். நீளத்தை நிற்க வைத்து, இடுப்பிலிருந்து அளங்கள்.

ஜரிகைக் கரை உள்ள பழைய பருத்திப் புடவை இருந்தால் கரையே கீழ் விளிம்பாகிவிடும், மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். கரையிலிருந்து மேலே 24 இன்ச், நீளத்தில் ஒன்றரை மீட்டர் வெட்டுங்கள். இந்த ஒன்றரை மீட்டர், இடுப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சுருக்கு அழகாக விழ இரண்டரை முதல் மூன்று மடங்கு வேண்டும்.

24 இன்ச் ஏன் என்றால், பாவாடைக்கு 20, எலாஸ்டிக் நுழையும் மேல் மடிப்புக்கு ஒன்றரை, ஒரு டக் வைக்க இரண்டு, அரை இன்ச் கூடுதல். டக் என்பது நம் வீட்டுப் பாவாடைகளில் கரைக்கு மேலே வரும் அந்தக் குறுக்கு மடிப்புதான். குழந்தை வளர்ந்ததும் அதைப் பிரித்துவிட்டால் இரண்டு இன்ச் நீளம் கூடும், ஒரு வருஷமாவது கூடுதலாக உடுத்தலாம்.

1. இரு முனைகளையும் சேர்த்துத் தைத்து உருளையாக்குங்கள். கரைகள் சரியாக ஒன்றையொன்று தொட வேண்டும். எனவே கரைப் பக்கத்திலிருந்து தைக்கத் தொடங்குங்கள்.
2. கரைக்கு இரண்டு மூன்று இன்ச் மேலே, ஒரு இன்ச் ஆழத்துக்குத் துணியைக் கிள்ளி மடித்து, சுற்றிலும் தைத்து டக் வையுங்கள்.
3. மேல் விளிம்பை அரை இன்ச், பிறகு ஒரு இன்ச் மடித்துத் தையுங்கள். இரண்டு இன்ச் இடைவெளி மட்டும் தைக்காமல் விடுங்கள்.
4. முக்கால் இன்ச் அகல எலாஸ்டிக்கில் 19 இன்ச் வெட்டி, ஒரு முனையில் ஊக்கு மாட்டி, அந்த வழியே நுழைத்து மறுபக்கம் எடுங்கள். நுழையும்போது மறு முனை உள்ளே போய்விடாமல் துணியோடு குண்டூசி குத்திவையுங்கள்.
5. இரு முனைகளையும் ஒரு இன்ச் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து, இடைவெளியை மூடுங்கள்.

## பரிசு: சுருக்குப் பையும் அதற்கு அப்பாலும்

வரலட்சுமி நோன்பு, நவராத்திரி, வளைகாப்பு என்று தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணிகள் எல்லா வீட்டிலும் குவிந்து கிடக்கும். நிறம் பிடிக்காமல், இன்னொருவருக்குக் கொடுக்க எடுத்துவைத்தவை. 36 இன்ச் அகலமும் 80 செ.மீ. நீளமும் உள்ள ஒரு ரவிக்கைத் துணியில் 7 x 17 இன்ச் துண்டுகள் எட்டு வெட்டலாம். ஒரு துண்டுக்கு ஒரு சுருக்குப் பை. எட்டுப் பேருக்குப் பரிசு தயார். நெகிழித் தாம்பூலப் பைக்கு பதிலாக இதிலேயே வெற்றிலை பாக்கும் மஞ்சளும் வைத்துக் கொடுத்தால், மறுநாளே அது சில்லறைப் பையாகவோ நகைப் பையாகவோ மாறிவிடும்.

1. 17 இன்ச் நீளத்தின் இரு முனைகளையும் அரை இன்ச், பிறகு ஒரு இன்ச் மடித்துத் தையுங்கள். இதுவே கயிறு ஓடும் வழி.
2. நல்ல பக்கம் உள்ளே இருக்க இரண்டாக மடித்து, கயிறு வழிக்குக் கீழிருந்து அடிவரை மட்டும் இரு பக்கமும் தையுங்கள். கயிறு வழியின் வாய் திறந்தே இருக்கட்டும்.
3. திருப்பி, 18 இன்சில் இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து சுற்றிலும் ஓட்டி, முனைகளில் முடிச்சுப் போட்டு மணி கோத்துவிடுங்கள்.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறீர்களா? பலமுறை துவைத்து மெத்தென்றான வேட்டியில் சதுரத் துண்டுகள் வெட்டி விளிம்பு மடித்துத் தைத்தால் துடைக்கவும் போர்த்தவும் உதவும். பிறந்த குழந்தைக்கான பொருளில் பொத்தான், மணி, ஜரிகை எதுவும் வேண்டாம். கொடுப்பதற்கு முன் வெந்நீரில் அலசி வெயிலில் காய வையுங்கள்.

மிஷினே இல்லாதவர்களுக்கு வங்காளத்தின் காந்தா ஒரு நல்ல வழி. இரண்டு மூன்று பழைய புடவைகளை அடுக்கி, முழுக்க ஓட்டுத் தையலால் இணைத்த போர்வை அது. தெரிய வேண்டியது ஒரே ஒரு தையல், வேண்டியதெல்லாம் பல மாலைப்பொழுதுகள்.

## மிஷின் முரண்டு பிடித்தால்

அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால்: கோளாறு மேல் நூலில். பாதத்தைத் தூக்கி, முதலிலிருந்து மறுபடி நூல் கோத்துவிடுங்கள்.

மேலே வளையம் வளையமாகத் தெரிந்தால்: பாபின் நூல் தளர்ந்திருக்கிறது, அல்லது மேல் டென்ஷன் மிகவும் இறுகியிருக்கிறது.

இடையிடையே தையல் விழாமல் போனால்: ஊசி மழுங்கியிருக்கும், அல்லது திரும்பி மாட்டியிருக்கும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி மாற்றுவது நல்லது.

ஊசி உடைந்தால்: துணியைக் கையால் இழுத்திருப்பீர்கள், அல்லது குண்டூசியின்மேல் ஓட்டியிருப்பீர்கள். உடைந்த எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்த பிறகே எழுந்திருங்கள்.

துணி நகராவிட்டால்: தையல் நீளம் பூஜ்ஜியத்தில் இருக்கும், அல்லது பற்களுக்கிடையில் பஞ்சு அடைத்திருக்கும். தட்டைக் கழற்றி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் சமையலறைப் பக்கம் போகவே கூடாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி மிஷினை இறுக்கிவிடும். மிஷின் ஆயில் மட்டும், துளைக்கு ஒரு சொட்டு. விட்ட பிறகு பழந்துணியில் கொஞ்சம் ஓட்டி எண்ணெய்க் கறையைப் போக்கிவிட்டு நல்ல துணியை எடுங்கள்.

## அடுத்து எதைத் தைப்பது?

நான்கும் முடிந்தபின் உள்பாவாடை, எலாஸ்டிக் வைத்த பைஜாமா, ஏப்ரன், நைட்டி என்ற வரிசையில் போகலாம். நைட்டியில் கழுத்து வளைவும், பைஜாமாவில் இருக்கை வளைவும் பழகும். அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் உடுத்த முடியும் என்பதால் இவை தாங்கும். அதன்பின் சுடிதார் டாப். பிளவுஸ் கடைசி. டாட், கைக்குழி, கழுத்துப் பட்டி, கொக்கி எல்லாம் ஒரே உடையில் வந்து சேர்வதோடு, கால் இன்ச் பிசகினாலும் இறுக்கிப் பிடிக்கும் உடை அது. தையல் வகுப்புக்குப் போய் முதல் மாதமே பிளவுஸில் இறங்கி, மிரண்டு நிறுத்தியவர்கள் ஏராளம்.

அந்தக் கட்டம் வரும்போது, நன்றாகப் பொருந்தி, இப்போது நைந்துபோன ஒரு பிளவுஸைத் தையல் பிரித்துப் பகுதி பகுதியாக்கித் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியையும் பிரவுன் தாளில் வரைந்து, எது முன் எது பின், துணியின் நீளவாட்டு எது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளை வைத்து முதலில் மலிவான லைனிங் துணியில் வெட்டி, கொக்கி வைக்காமல் தைத்து, ஊக்குக் குத்திப் போட்டுப் பாருங்கள். கைக்குழி இழுக்கிறதா, தோள் இறங்குகிறதா என்பதைத் தாளிலேயே திருத்துங்கள். லைனிங்கில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் பட்டுத் துணியில் கத்தரி வைக்க வேண்டும். திருத்திய தாளின் மேல் தேதியைப் போட்டு, சுருட்டி, பத்திரப்படுத்துங்கள். உடம்பு மாறினால் தாளையும் மாற்ற வேண்டும்.